கர்நாடக வயலின் கற்கும் மகன்: இசைப் பட்டப்படிப்பை மனத்தில் வைத்து எந்தப் பாடங்களை எடுப்பது?

தெம்பனிஸ் தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். ஆண்டிறுதித் தேர்வு முடிந்ததும் உயர்நிலை மூன்றுக்கான பாடத் தேர்வுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இங்குள்ள அனுபவசாலிகளிடம் கேட்க விரும்புகிறேன்.

அவன் தொடக்கநிலை ஒன்றிலிருந்து கர்நாடக வயலின் கற்கிறான். வர்ணங்கள் முடித்து, கீர்த்தனைகள் பல பாடமாகி, இப்போது ஆசிரியர் ராக ஆலாபனை சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். கோயில் நிகழ்ச்சிகளில் பாடுபவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறான். பல்கலைக்கழகத்தில் இசைதான் படிப்பேன் என்று சில மாதங்களாகச் சொல்லி வருகிறான். நானும் என் கணவரும் அதற்குத் தடை சொல்லவில்லை. ஆனால் பதினான்கு வயதில் எடுக்கும் முடிவு பின்னர் வேறு வழிகளை அடைத்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருக்கிறது.

அவன் பள்ளியில் இசை தேர்வுப் பாடமாக இல்லை. இசைச் சிறப்புப் பாடத் திட்டமும் அங்கு இல்லை. ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், ஒருங்கிணைந்த மனிதவியல் ஆகியவை எல்லாருக்கும் பொது. அவற்றுக்கு மேல், தனி இயற்பியல், தனி வேதியியல், கூடுதல் கணிதம் என்ற தொகுப்பை எடுக்கலாம். அல்லது ஒருங்கிணைந்த அறிவியலோடு ஆங்கில இலக்கியமோ ஓவியமோ எடுக்கலாம். இசைக்குப் போகப் போகிறவனுக்குக் கூடுதல் கணிதம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். உயர்தமிழையும் விட்டுவிட்டு அந்த நேரத்தில் சாதகம் (வாசிப்புப் பயிற்சி) செய்யட்டும் என்கிறார்கள் வேறு சிலர். இசைப் பட்டப்படிப்புக்கு உண்மையில் எந்தப் பள்ளிப் பாடம் தேவை? மேற்கத்திய இசைக் கோட்பாடு தெரியாமல் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர முடியுமா? இடையில் இரண்டு ஆண்டுகள் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை வருகிறதே, அதை எப்படிச் சமாளிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பள்ளி இசையாசிரியர்:

வணக்கம் அக்கா. உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் தொடக்கக் கல்லூரியிலும் இசை கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பாடங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் மகனிடம் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: அவன் விரும்புவது எந்த வகை இசைப் பட்டம்? எல்லாவற்றையும் இசைப் படிப்பு என்று ஒரே பெயரால் அழைத்தாலும், கருவி வாசிப்பில் பட்டம், இசையாக்கத்தில் பட்டம், ஒலிப்பதிவும் ஒலியியலும் சார்ந்த பட்டம், இசையைச் சமூகத்தோடும் வரலாற்றோடும் வைத்து ஆராயும் பட்டம், இந்திய இசையிலேயே பட்டம் என ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆயத்தத்தைக் கேட்கும். வாசிப்பில் பட்டம் பெற நினைப்பவனுக்குத் தேவைப்படாத இயற்பியல், ஒலித்துறைக்குப் போகிறவனுக்கு அடிப்படைப் பாடமாகிவிடுகிறது.

இங்குள்ள நிலவரத்தைச் சொல்கிறேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரி 2003இல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது. கருவி வாசிப்பு, குரலிசை, இசையாக்கம், ஒலிக் கலையும் அறிவியலும் என்று பல பிரிவுகள் அங்கு உள்ளன. நன்யாங் நுண்கலைக் கழகமும் லாசால் கலைக் கல்லூரியும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் தொடங்கியது. இந்த இடங்களில் எல்லாம் முதலில் பார்க்கப்படுவது நேர்முகத் தேர்வில் மாணவன் வாசிப்பதும், அவன் கொண்டுவரும் படைப்புத் தொகுப்பும்தான். பள்ளியில் இசையைப் பாடமாக எடுக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் கதவு மூடப்படுவதில்லை. பல்கலைக்கழகத்தின் பொதுவான கல்வித் தகுதியை எட்டியாக வேண்டும். அதற்குத்தான் மற்றப் பாடங்கள். பிரிட்டனில் இசையை ஆய்வு நோக்கில் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நிலைமை வேறு. அங்கு மேல்நிலைத் தேர்வில் இசைப் பாடத்தை எதிர்பார்ப்பார்கள். சில இடங்களில் அதற்கு மாற்றாக, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் எட்டாம் தரக் கோட்பாட்டுத் தேர்வை ஏற்பார்கள்.

மேல்நிலையில் எச்2 இசை, அதாவது இசையை முழுப் பாடமாக, எடுக்க விரும்பினால் எல்லாத் தொடக்கக் கல்லூரிகளிலும் அதற்கு வழியில்லை. கல்வி அமைச்சு 1982இல் தொடங்கிய இசைச் சிறப்புப் பாடத் திட்டம் உள்ள ஆங்கிலோ-சீனத் தொடக்கக் கல்லூரி, தெமாசெக் தொடக்கக் கல்லூரி போன்ற சில இடங்களில்தான் அது கிடைக்கும். உயர்நிலையில் இசை படிக்காதவர்களையும் தனித் தேர்வு வைத்துப் பரிசீலிப்பது உண்டு. ஆகவே மகன் இப்போது படிக்கும் பள்ளியில் இசைப் பாடம் இல்லாததை ஒரு முட்டுக்கட்டையாக நினைக்க வேண்டாம். ஆனால் அந்தத் தனித் தேர்வில் மேற்கத்தியக் கோட்பாட்டைக் கேட்பார்கள். உங்கள் கேள்வியில் நான் மிகுந்த கவனம் தர விரும்புவது இந்த இடத்துக்குத்தான்.

கர்நாடக இசை நன்கு கற்ற பிள்ளைகளின் செவி மிகக் கூர்மையானது. ஒரு முறை கேட்ட மெட்டைப் பிசகில்லாமல் திருப்பிப் பாடுவார்கள்; மேஜர் ஸ்கேலை வாசித்தால் சங்கராபரணம் என்று கண நேரத்தில் சொல்வார்கள். ஆனால் எட்டாம் தரச் செவிப்புலத் தேர்வில், தேர்வாளர் பியானோவில் ஒரு சிறு பகுதியை வாசித்து, அது எந்த வகைக் கேடன்ஸில் (இசைத்தொடரை முடித்துவைக்கும் கார்டு வரிசையில்) முடிந்தது என்று கேட்பார். அங்கே இதே பிள்ளைகள் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் எளியது: அவர்களுடைய காது மேலே செல்லும் மெட்டைத் தொடரப் பழகியது, அடியில் நகரும் சுரத்தைத் தொடரப் பழகவில்லை. நான் அவர்களுக்குச் சொல்லித்தரும் வழி இதுதான். மெட்டை விட்டுவிட்டு, கடைசி இரண்டு கார்டுகளின் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) அடிச்சுரத்தை மட்டும் வாய்க்குள் பாடச் சொல்வேன். அது பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்கு வந்தால் பெர்ஃபெக்ட். மத்யமத்திலிருந்து ஷட்ஜத்துக்கு வந்தால் பிளேகல். பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு ஏறி நின்றால் இன்டரப்டட். பஞ்சமத்திலேயே போய் நின்றுவிட்டால் இம்பெர்ஃபெக்ட். சுர அறிவு உள்ள பிள்ளைக்கு இது சில வாரங்களில் பிடிபட்டுவிடும். பிறகு அவர்கள் மேற்கத்திய மரபில் மட்டுமே வளர்ந்த மாணவர்களைவிட உறுதியாகப் பதில் சொல்வார்கள்.

ஆகவே பள்ளியில் எடுக்கும் பாடம் எதுவானாலும், பள்ளிக்கு வெளியே அவன் இப்போதே தொடங்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு: ஐந்து கோட்டு இசைக் குறியீட்டை வாசிப்பதும் எழுதுவதும், அதைத் தொடர்ந்து, சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் ஹார்மனியின் அடிப்படைகளும். ஏபிஆர்எஸ்எம் ஐந்தாம் தரக் கோட்பாட்டுத் தேர்வை உயர்நிலை மூன்று முடிவதற்குள் எழுதிவிட்டால் நல்லது. ஆறாம் தரம் முதல் கருவித் தேர்வு எழுதுவதற்கும் அது பெரும்பாலும் வாயிலாக இருக்கிறது. கொஞ்சம் பியானோவும் கற்கட்டும். கச்சேரி வாசிக்கும் அளவுக்கு வேண்டாம்; நான்கு குரல்களை இரண்டு கைகளில் மெதுவாக வாசித்துக் கேட்கத் தெரிந்தால் போதும்.

பள்ளிப் பாடங்களைப் பொறுத்தவரை, நீளமாகவும் தெளிவாகவும் எழுதக் கற்றுத்தரும் ஏதேனும் ஒரு பாடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். இசைப் பட்டப்படிப்பில் கட்டுரைகள் ஏராளம். ஓர் இசைப் படைப்பைக் கேட்டு, அதன் எந்தப் பகுதியில் என்ன நடக்கிறது, ஏன் அப்படித் தோன்றுகிறது என்று சான்றோடு எழுதும் திறனுக்கு, கவிதையை வரி வரியாகப் பிரித்து வாசித்த பழக்கம் பெரிதும் உதவும். ஆங்கில இலக்கியமும் வரலாறும் அந்தப் பழக்கத்தைத் தரும்.

ஒலிக்கூடத்தில் வேலை:

வணக்கம். நான் ஒலிப்பதிவுத் துறையில் இருக்கிறேன். கூடுதல் கணிதம் எதற்கு என்று உங்களிடம் கேட்டவர்களுக்காகவே இந்தப் பதில்.

உங்கள் மகன் சுருதி சேர்க்கும்போது ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் 3க்கு 2, அதாவது 1.5. தம்புராவில் அந்த விகிதம் சரியாக அமையும்போதுதான் அந்த நிறைந்த ரீங்காரம் எழுகிறது. பியானோவிலோ ஒரு ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டு படிகளாகப் பிரித்திருப்பதால், ஒவ்வொரு படியும் 2இன் பன்னிரண்டாம் மூலத்தால் பெருகுகிறது. ஏழு படி ஏறினால் கிடைப்பது ஏறத்தாழ 1.4983. வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் நல்ல வயலின் காதுக்கு அது கேட்கும், காந்தாரத்துக்கு வந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள மடக்கை தெரிய வேண்டும். அது கூடுதல் கணிதத்தில்தான் வருகிறது. ஒலியலையை விளங்கிக்கொள்ள சைன் வரைபடம் வேண்டும். அதுவும் அங்கேதான் விரிவாக வருகிறது.

ஒலியைக் கணினியில் பதிவுசெய்வதற்கும் இதுவே அடிப்படை. மனிதக் காது கேட்கக்கூடிய உச்ச அதிர்வெண் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைப் பிழையின்றி மீட்டெடுக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. குறுந்தட்டுக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று வைத்ததற்கு அடிப்படை அதுதான். இதைப் பொத்தானை அழுத்தும் பழக்கமாக மட்டும் கற்றவர்களும் வேலை பார்க்கிறார்கள். ஆனால் மைக்கை எங்கே வைத்தால் எந்த ஒலி ஏன் காணாமல் போகிறது என்று யோசித்துச் சொல்பவர்கள் அலைகளின் இயற்பியலைப் படித்தவர்களாகவே பெரும்பாலும் இருக்கிறார்கள். யோங் சியூ தோவில் ஒலிக் கலையும் அறிவியலும் என்ற பிரிவுக்குப் போக மகனுக்குச் சிறிதளவேனும் எண்ணம் இருந்தால், இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விட வேண்டாம்.

உங்கள் கணவரின் கவலைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. எச்2 கணிதம் எடுக்க நினைக்கும் மாணவரிடம் தொடக்கக் கல்லூரிகள் பொதுவாகக் கூடுதல் கணிதத்தை எதிர்பார்க்கின்றன. எச்2 கணிதம் இல்லாவிட்டால் பொறியியல், கணினி போன்ற துறைகளுக்குப் போவது கடினமாகிவிடும். உயர்நிலை மூன்றில் விட்ட கூடுதல் கணிதத்தைப் பதினேழு வயதில் தனியாகப் பிடிப்பது பெரும்பாடு. இலக்கியம் அப்படியல்ல, பின்னாலும் படித்துக்கொள்ள முடியும் என்பது என் கருத்து.

மயிலாப்பூரில் பயின்றவள்:

அன்புள்ள சகோதரி, நான் சிங்கப்பூரில் பிறந்து, சென்னையில் இசை பயின்று, இப்போது இங்கே வாய்ப்பாட்டும் வயலினும் கற்பிக்கிறேன். முந்தைய இருவரும் சொன்னவை பயனுள்ளவை. ஆயினும் இந்திய இசையிலேயே பட்டம் பெறுவது என்ற வழியை இசையாசிரியர் ஒரே சொற்றொடரில் கடந்துவிட்டார். பிள்ளையின் இத்தனை ஆண்டு உழைப்பு அந்தப் பக்கம் இருக்கும்போது அதை விரிவாகப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இசையைப் பல்கலைக்கழகப் பாடமாகக் கற்பிக்கும் மரபு நீண்டது. சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியார் 1929இல் தொடங்கிய இசைக் கல்லூரி இன்றைய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியின் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுவது. இசைக்கும் கவின்கலைகளுக்கும் என்றே ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் 2013 முதல் சென்னையில் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கான சேர்க்கை விதிகள் தனியாக இருக்கும். இங்கு எழுதும் மேல்நிலைத் தேர்வு இந்தியப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையானது என்ற சான்றிதழை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் பெற வேண்டியிருக்கும். எனவே அந்த வழியிலும் தொடக்கக் கல்லூரியை முடிப்பது நல்லது.

உயர்தமிழை விடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். மேடையில் பாடகர் ஒருவர் அருணாசலக் கவிராயரின் பாடலையோ கோபாலகிருஷ்ண பாரதியின் பாடலையோ எடுத்து, ஒரு வரியில் நின்று, அதையே பலவிதமாக விரித்துப் பாடி நிரவல் செய்யும்போது, பக்கவாத்தியக்காரருக்கு அந்த வரியின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். எந்தச் சொல்லைப் பிரிக்கலாம், எதைப் பிரித்தால் பொருள் கெடும் என்று தெரியாதவர் வாசிப்பது சுரமாக இருக்கும், சாகித்தியமாக இருக்காது. வயலினில் சொல் ஒலிக்காது என்றாலும், வில்லை எங்கே திருப்புகிறோம் என்பதில் சொல் கேட்கும். என்னிடம் பயிலும் பிள்ளைகளில் தமிழை ஆழ்ந்து படிப்பவர்களின் நிரவல் தனியாகத் தெரிகிறது. தியாகராஜரின் தெலுங்கையும் தீட்சிதரின் வடமொழியையும் பின்னால் கற்கலாம். கையில் இருக்கும் மொழியை இழக்க வேண்டாம்.

மேற்கத்தியக் கோட்பாடு கற்பதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். வயலினே அந்த வழியாக நம்மிடம் வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய ஆசிரியரிடம் மேற்கத்திய முறையில் வயலின் கற்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். தமையனாரும் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சாகித்தியம் இயற்றினார். இந்த வரலாறு தெரிந்த பிள்ளைக்கு இரண்டு மரபையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தத் தோன்றாது.

ஆனால் கோட்பாடு கற்பது வேறு, கையை மாற்றுவது வேறு. இங்குள்ள இசைக் கல்லூரியில் வயலின் வாசிப்பைப் பட்டப் பிரிவாக எடுக்க வேண்டுமானால், நேர்முகத் தேர்வில் மேற்கத்திய மரபின் கான்செர்ட்டோக்களையும் (இசைக்குழுவோடு தனிக்கருவி வாசிக்கும் படைப்புகளையும்) தனி வயலின் படைப்புகளையும் வாசிக்க வேண்டும். தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலக் கணுக்காலில் ஊன்றி, இடக்கையை முழுவதும் விடுவித்து, கமகங்கள் என்ற சுர அசைவுகளுக்காக விரலை நீளமாகச் சறுக்கிப் பழகிய பிள்ளை, நின்றுகொண்டு தாடையில் பிடித்து, விரல்களை நிலைநிலையாக வைத்து வாசிக்கப் பழகுவது ஏறக்குறைய வேறொரு கருவியைக் கற்பது போன்றது. சிறு வயதிலிருந்து அதையே பயின்றவர்களோடு நான்கு ஆண்டுப் பயிற்சியில் போட்டியிடுவது மிகக் கடினம். அதற்காக இருக்கும் கையையும் கெடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நட்டம். மேற்கத்திய வயலினும் கற்பதானால் தனி வயலின் ஒன்றை வாங்கிவிடுங்கள். ஒரே கருவியை ஒரு நாள் ச-ப-ச-ப என்றும் மறுநாள் மேற்கத்திய முறையிலும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் கம்பியும் நிலைக்காது, கம்பியை முறுக்கும் பிருடையும் நிலைக்காது. கர்நாடக வயலினை விடாமல் இங்கேயே பட்டம் பெற நினைத்தால், இசையாக்கமும் சமூகம் சார்ந்த இசைப் பிரிவுகளும் அவனுக்குப் பொருத்தமாக இருக்கக்கூடும்.

தெம்பனிஸ் தாய்:

இவ்வளவு விரிவாக எழுதிய உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகனையும் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தோம். எந்த வகைப் பட்டம் என்ற கேள்வியை நாங்கள் அவனிடம் இதுவரை கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கேட்டதும் தயங்காமல் பதில் சொன்னான். மேடையில் வாசிப்பதைவிடத் தானே மெட்டமைத்து, வயலினோடு வேறு கருவிகளைக் கணினியில் அடுக்கிப் பதிவுசெய்வதில்தான் அவனுக்கு ஆவல் அதிகமாம். அவன் கோப்புகளைத் திறந்து காட்டினான். கரகரப்பிரியாவில் ஒரு மெட்டு, அடியில் செல்லோ (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள கருவி) போன்ற ஓர் ஒலி. எங்களுக்குத் தெரியாமல் இரவில் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

இப்போது ஒரு சிக்கல். பள்ளியின் அட்டவணையில் கூடுதல் கணிதமும் தனிப்பாடமாக ஆங்கில இலக்கியமும் ஒரே கட்டத்தில் வருகின்றன. ஒன்றைத்தான் எடுக்க முடியும். இசையாசிரியர் இலக்கியத்தையும் ஒலித்துறை அன்பர் கணிதத்தையும் வலியுறுத்தியிருக்கிறீர்கள். நாங்கள் என்ன செய்வது? இத்தனை பாடங்களோடு கோட்பாட்டுத் தேர்வையும் வைத்துக்கொண்டால் தொடக்கக் கல்லூரிக்கான புள்ளிகள் பாதிக்கப்படாதா என்று கணவர் கேட்கிறார்.

பள்ளி இசையாசிரியர்:

அக்கா, இசையாக்கம் என்று அவனே சொல்லிவிட்டதால் என் பதில் தெளிவாகிவிட்டது: கூடுதல் கணிதத்தை எடுக்கட்டும். இலக்கியத்தை முழுப் பாடமாக எடுக்காவிட்டாலும், ஒருங்கிணைந்த மனிதவியலில் சமூகவியலோடு சேரும் பாதிப் பாடமாக ஆங்கில இலக்கியத்தைப் பல பள்ளிகள் தருகின்றன. அவன் பள்ளியிலும் அது உண்டா என்று கேளுங்கள். இருந்தால் புவியியலுக்குப் பதிலாக அதை எடுக்கட்டும். நான் எதிர்பார்த்த வாசிப்புப் பழக்கம் அதிலேயே வந்துவிடும். ஆக ஆங்கிலம், உயர்தமிழ், கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், இலக்கியம் சேர்ந்த மனிதவியல் ஆகியவை போதும். உயிரியலையும் சேர்த்து எட்டாவது பாடமாக்க வேண்டாம். அந்த நேரம் கோட்பாட்டுக்கு வேண்டும்.

புள்ளிகளைப் பற்றிக் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. மகனின் அணி சாதாரண நிலைத் தேர்வுக்குப் பதிலாக, 2027இல் அறிமுகமாகும் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வை எழுதும். 2028 முதல் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு மொழியும் மேலும் நான்கு பாடங்களும் மட்டுமே கணக்கில் வரும். முன்பு மொழியோடு ஐந்து பாடங்கள் கேட்டார்கள். தகுதிக்கான உச்ச வரம்பு 16 புள்ளிகள்; இந்தக் கணக்கில் புள்ளி குறைவாக இருப்பதே நல்லது. ஏழு பாடங்களில் ஒன்றிரண்டு சறுக்கினாலும் தாங்கிக்கொள்ள இடமிருக்கிறது. பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் 2026 முதல் மூன்று எச்2 பாடங்களும் பொதுத்தாளும் சேர்ந்து அதிகபட்சம் 70 புள்ளிகள் என்ற முறை வந்துவிட்டது. நான்காவது பாடம் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே சேர்க்கப்படும். எச்2 இசை, எச்2 கணிதம், எச்2 இயற்பியல் என்று எடுத்தால், இசை கைகூடாவிட்டாலும் அவனுக்கு வேறு படிப்புகள் திறந்தே இருக்கும்.

அவனுடைய கோப்புகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். இசையாக்கப் பிரிவுக்கு விண்ணப்பிக்கும்போது படைப்புத் தொகுப்பு கேட்பார்கள். கணினியில் கேட்க நன்றாக இருக்கும் பதிவு மட்டும் போதாது. மனிதர்கள் வாசிப்பதற்கு ஏற்றபடி குறியீட்டில் எழுதப்பட்ட படைப்புகளும் அதில் இருக்க வேண்டும். கரகரப்பிரியா மெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் காந்தாரத்தில் வரும் கமகத்தை, அந்த இசையே தெரியாத ஒரு செல்லோ வாசிப்பவர் பார்த்து வாசிக்கும்படி எப்படி எழுதுவது? ஷட்ஜத்தை சி என்று வைத்து, காந்தாரத்தை வெறும் ஈ ஃபிளாட் என்று எழுதினால் ராகம் போய்விடும். ஒவ்வோர் அசைவையும் எழுதினால் பக்கம் கறுத்துப் படிக்க முடியாமல் போகும். இடையில் எதை எழுதுவது, எதை வாசிப்பவரிடம் விடுவது என்று அவன் தீர்மானிக்க வேண்டும். பள்ளியில் செல்லோவோ வியோலாவோ வாசிக்கும் நண்பன் இருந்தால், எட்டே வரி எழுதிக்கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும். நண்பன் தடுமாறும் இடங்களைப் பென்சிலால் குறித்து, திருத்தி எழுதி, பழைய பிரதியையும் நாளிட்டு வைத்துக்கொள்ளட்டும். நேர்முகத்தில் அந்தத் திருத்தங்களைப் பற்றிக் கேட்டால் பேசுவதற்கு அவனுக்கு நிறைய இருக்கும்.

மக்கள் கழகத்தின் சிங்கப்பூர் இந்திய இசைக்குழு 1985 முதல் இயங்குகிறது. இந்திய இசையைப் பல கருவிகளுக்குப் பகுத்து எழுதி வாசிக்கும் முறையை நேரில் பார்க்க அதன் நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். எஸ்பிளனேடில் ஆண்டுதோறும் நடக்கும் கலா உற்சவம் என்ற இந்தியக் கலை விழாவுக்கும் அழைத்துச் செல்லலாம்.

படை முடித்த வயலினர்:

வணக்கம் அம்மா. தேசிய சேவையைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. நானும் கர்நாடக வயலின் வாசிப்பவன். இப்போது இசை சார்ந்த பட்டப்படிப்பில் இருக்கிறேன்.

அடிப்படை ராணுவப் பயிற்சி நடக்கும் வாரங்களில் சாதகம் ஏறக்குறைய நின்றுவிடும், அதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். அதன்பின் வார இறுதிகளில் கை மெல்லத் திரும்பிவிடுகிறது. காதுக்கு ஓய்வே தேவையில்லை. முகாமில் கிடைத்த ஓய்வு நேரத்தில் நான் ஹார்மனிப் பயிற்சிகளைத் தாளில் எழுதினேன். கருவி இல்லாமல் மனத்துக்குள் கேட்டு எழுதும் பழக்கம் அப்போதுதான் வந்தது. ஆயுதப்படையின் இசைக் குழுக்களிலும் இசை, நாடகக் குழுவிலும் தேர்வு வைத்துத் தேசிய சேவையாளர்களைச் சேர்ப்பது உண்டு. ஆனால் ராணுவ பேண்டு என்பது ஊதுகருவிகளும் தாளக் கருவிகளும் நிறைந்தது, வயலினுக்கு அதில் இடம் எதிர்பார்க்க முடியாது.

விண்ணப்பக் காலத்தை முன்கூட்டியே கவனியுங்கள். பிரிட்டனின் இசைக் கல்லூரிகளுக்கு மறு ஆண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பம் அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். மற்றப் பல்கலைக்கழகப் படிப்புகள் பெரும்பாலானவற்றைவிட அது சில மாதங்கள் முன்னதாக வருகிறது. சேவையின் இரண்டாம் ஆண்டில் நேர்முகத் தேர்வுக்கு விடுப்பு வேண்டியிருந்தால் மேலதிகாரியிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளை இசையாக்கத் தொகுப்பைச் செப்பம் செய்யக் கிடைத்த காலமாகவும் கொள்ளலாம். பள்ளிப் பாடமோ தேர்வோ குறுக்கே வராத மாலைகள் அப்போது கிடைக்கும்.

மயிலாப்பூரில் பயின்றவள்:

கரகரப்பிரியாவை எடுத்திருக்கிறான் என்று படித்ததும் மகிழ்ந்தேன். சகோதரி, அவனுடைய வயலின் ஆசிரியரிடம் இந்தத் திட்டத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாணவன் வேறு இசையும் கற்கிறான் என்பது பிறர் வாயிலாகத் தெரியவந்தால் ஆசிரியர் மனம் வருந்துவார். நேரில் சொல்லி, அவனுடைய மெட்டை வாசித்தும் காட்டினால், ஆலாபனையில் எந்தப் பிடியை (ராகத்துக்கே உரிய சுரத்தொடரை) எங்கே வைக்கலாம் என்று அவரே திருத்திக் கொடுப்பார்.

தெம்பனிஸ் தாய்:

இன்று மாலை வகுப்புக்குப் போகும்போதே ஆசிரியரிடம் பேசிவிடுகிறேன். படிவத்தில் கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயர்தமிழ் ஆகியவற்றைக் குறித்துவிட்டோம்; மனிதவியலில் இலக்கியம் கிடைக்குமா என்று பள்ளிக்கு எழுதியிருக்கிறேன். ஐந்தாம் தரக் கோட்பாட்டை அவன் சுயமாகப் படிக்கலாமா, அல்லது ஆசிரியர் வேண்டுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பள்ளி இசையாசிரியர்:

மூன்றாம் தரம் வரை அவன் சுயமாகவே படித்துவிடலாம், அக்கா. நான்கு, ஐந்தாம் தரங்களில் கார்டுகள், வேறு சுருதிக்கு மாற்றி எழுதும் கருவிகள், அதிகம் பழக்கமில்லாத குறியீடுகள் எல்லாம் வருவதால், அந்த இரண்டுக்கும் ஓர் ஆசிரியர் இருந்தால் தவறான பழக்கம் படியாது. ஐந்தாம் தரம் வரையிலான தேர்வுகள் இப்போது இணையவழியில் நடக்கின்றன. ஆனால் பயிற்சியைத் திரையில் மட்டும் செய்யாமல் கையால் எழுதிப் பழகட்டும். டிசம்பர் விடுமுறையில் தொடங்கிவிடலாம்.